விழுந்தவன் சிரிக்க வேண்டும்

அம்பு வந்து சேரவில்லை, ஆனால் சேவுகன் விழுந்துவிட்டான். சொல்லிக்கொடுத்திருந்தபடியே மார்பைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் மடிந்து, ஒருமுறை வானத்தைப் பார்த்து, பிறகு இடப்பக்கமாகச் சரிந்து, வறண்ட கண்மாயின் புழுதியில் கன்னம் பதிய விழுந்தான். அவனுக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில், பச்சைத் தலைப்பாகை கட்டிய உடையணன் வில்லைப் பிடித்த கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தான். அவன் விட்ட அம்பு சேவுகனை நோக்கிப் போகாமல் நேர் மேலே போய்க்கொண்டிருந்தது.

“கட்” என்று ஒலிபெருக்கியில் சத்தம் வந்தது. இயக்குநர் குடைக்கடியில் உட்கார்ந்து சின்னத் திரையைப் பார்த்துவிட்டு, விழுந்தவன் நன்றாக விழுந்தான், விட்டவன் முகம் நன்றாக இருக்கிறது, அம்பைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம், ஓகே என்றார். சண்டை மாஸ்டர் மட்டும் உடையணனிடம் வந்தார்.

“ஏய்யா, தலைக்கு மேல ஒரு முழம் தள்ளி விடுன்னா வானத்துக்கா விடுவ?”

“அவனப் பாத்து வில்ல நீட்ட முடியல மாஸ்டர்.”

“ரப்பர் முனைய்யா அது.”

“ரப்பர்னு எனக்குத் தெரியும். கைக்குத் தெரியலையே.”

உதவி இயக்குநர் ஜெசிந்தா, தொப்பி போட்ட சென்னைப் பெண், விழுந்து கிடந்த சேவுகனிடம் ஓடினாள். சினிமாக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. படத்தில் செத்தவன் ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் படம் பிடிக்க வேண்டும். எந்தத் தியேட்டரிலும் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை என்றாலும் எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் செத்தது செத்ததாகவே நின்றுவிடும். அந்தக் கண்மாயில் படப்பிடிப்பு நடந்த நாளெல்லாம் ஊர்க்காரர்கள் சரம் சரமாகச் செத்து, சரம் சரமாக எழுந்து, புழுதியைத் தட்டியபடி பல்லைக் காட்டிவிட்டுத்தான் சோற்றுக்குப் போனார்கள்.

“அண்ணே, எந்திரிங்க. சிரிங்க.”

“இருங்க தாயி,” என்றான் சேவுகன், மல்லாந்து புரண்டு வானத்தைப் பார்த்தபடி. “அம்பு இன்னும் வரல.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அதற்குள் சூரியன் கண்மாய்க்கரைக்குக் கீழே இறங்கிவிட்டது, கேமராக்காரர் லென்ஸுக்கு மூடியைப் போட்டுவிட்டார். “சரி, சிரிப்ப நாளைக்கு எடுத்துக்குவோம்ணே,” என்றாள் ஜெசிந்தா. “தலைப்பாகையக் கழட்டிடாதீங்க, கட்டு கலையவே கூடாது, தாடியையும் எடுத்துடாதீங்க. கண்டினியூட்டி, நாளைக்கும் இன்னைக்கு மாதிரியே இருக்கணும்.” மறுநாள் ஊர் விழித்தபோது லாரிகள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. கதாநாயகனுக்கு ஐதராபாத்தில் தேதி மாறிவிட்டதாம். அட்டைக் கோட்டையைக்கூடப் பிரிக்காமல், பூசணிக்காயைக் கடைசி லாரியின் சக்கரத்துக்கு முன்னால் உடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கேமராவும் போய்விட்டது.

அன்று காலை சிகப்பி முற்றத்துக்கு வந்து, வேப்பங்குச்சியோடு நின்ற புருஷனைப் பார்த்து, அவன் எதைப் பார்க்கிறான் என்று தானும் மேலே பார்த்தாள். சேவுகனின் சிவப்புத் தலைப்பாகைக்கு நேர் மேலே, பருந்து சுற்றும் உயரத்தில், முனை கீழ்நோக்க, அம்பு நின்றுகொண்டிருந்தது.

சாத்தனேந்தலுக்கும் நரியனேந்தலுக்கும் நடுவில் இருப்பது ஒரே கண்மாய். வடமடைத் தண்ணீர் சாத்தனேந்தலுக்கு, தென்மடைத் தண்ணீர் நரியனேந்தலுக்கு. தண்ணீர் இருந்த வருஷங்களில் இரண்டு ஊருக்கும் பேச்சு வார்த்தை இருக்காது. வறண்ட வருஷங்களில் சண்டை போட எதுவும் இல்லாததால் உறவாக இருப்பார்கள். அப்படி வறண்ட காலத்தில்தான் சாத்தனேந்தல் சேவுகனும் நரியனேந்தல் உடையணனும் கூட்டாளிகள் ஆனார்கள். கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டார்கள். மூட்டம் புகைகிற நாட்களில் ஒருவன் கண்ணயர்ந்தால் மற்றவன் பார்த்துக்கொள்வான், ஒரே தூக்குச்சட்டியில் இரண்டு கையும் போகும், ஒருவர் பீடியிலிருந்து ஒருவர் பற்றவைத்துக்கொள்வார்கள். எந்த ஊர்க் கல்யாணத்திலும் அவர்களை அடுத்தடுத்த இலையில்தான் உட்காரவைத்தார்கள்.

சினிமாக்காரர்கள் வந்து கண்மாயைக் கேட்டபோது இரண்டு ஊரும் ஒன்றாகச் சம்மதித்தன. படத்தில் ஒரு கோட்டை அரசன், ஒரு குன்றத்து அரசன், இருவரும் கூட்டுச் சேர்ந்து வடக்கிலிருந்து வரும் படையை எதிர்க்கிறார்கள். சாத்தனேந்தல் ஆண்களுக்குக் கோட்டைப் படையின் சிவப்புத் தலைப்பாகை, நரியனேந்தல் ஆண்களுக்குக் குன்றத்துப் படையின் பச்சை. வடக்குப் படைக்கு வேறு ஆள் பிடிக்கவில்லை. அந்தக் காட்சி எடுக்கும் நாளில் எல்லோரும் கறுப்பைக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். முந்தினநாள் சிவப்பில் நின்ற தன்னைத் தானே மறுநாள் கறுப்பில் வந்து குத்தவேண்டியிருந்தது பலருக்கு.

“மூஞ்சி அதே மூஞ்சிதானே தாயி, கண்டுபிடிச்சிர மாட்டாகளா?” என்று உடையணன் கேட்டதற்கு ஜெசிந்தா சிரித்தாள். “கூட்டத்துல மூஞ்சிய யாருண்ணே பாக்குறா? தலைப்பாகையத்தான் பாப்பாங்க. அது மாறினா ஆளு மாறிட்டான்னு அர்த்தம்.”

கரிமூட்டக்காரர்களின் உடம்பையும் புகையில் சிவந்த கண்ணையும் பார்த்துவிட்டு, இயக்குநர் இருவரையும் கூட்டத்திலிருந்து முன்னால் கூப்பிட்டார். சேவுகன் கோட்டை அரசனின் தளபதி, உடையணன் குன்றத்து வில்லாளிகளின் தலைவன், இருவரும் சிநேகிதர்கள். போருக்கு முன் ஒரே இலையில் சாப்பிடும் காட்சியை ஒரே தடவையில் எடுத்தார்கள். நடிக்கச் சொல்லிக்கொடுக்க அதில் ஒன்றும் இல்லை. கடைசிப் போரில் குன்றத்து அரசன் வடக்கனோடு ரகசியமாகச் சேர்ந்துகொள்கிறான், தன் வில்லாளிகளைக் கூட்டாளிகள் பக்கம் திருப்பச் சொல்கிறான்.

“நீ அவனுக்குச் சிநேகிதன், ஆனா உன் ராசா சொல்லிட்டாரு,” என்று சண்டை மாஸ்டர் விளக்கினார். “மூஞ்சியில அது தெரியணும்.”

“எது மாஸ்டர்?”

“ரெண்டும்.”

துணை நடிகர்களுக்குத் தலைப்பாகை கட்டிவிட ஆள் கிடையாது, ஒருவருக்கொருவர் கட்டிக்கொள்ள வேண்டும். சேவுகனுக்குக் கடைசிவரை அது கைவரவில்லை. ஒவ்வொரு காலையும் உடையணன்தான் அவனுக்குக் கட்டினான். அடுத்தவன் தலையில் நேராகக் கட்டினால் அமைப்பு வராது என்று, சிவப்புத் துணியை முதலில் தன் தலையில் சுற்றி, இழுத்து, முனையைச் செருகி, பிறகு அப்படியே குடத்தைப்போல் தூக்கிச் சேவுகன் தலையில் வைப்பான். “ராசா மாதிரி இருக்க பங்காளி,” என்பான். “எந்த ராசா கரி அள்ளுனான்?” என்பான் சேவுகன்.

அம்பு நின்ற முதல் சில நாட்கள் ஊர் பயந்தது. பிறகு ஊருக்கு வேலை இருந்தது. பனைமரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால் எத்தனையாவது பனையில் அம்பு இருக்கும் என்பதில் டீக்கடையில் இரண்டு கட்சி உண்டாயிற்று. சேவுகன் நடந்தால் அதுவும் நடந்தது, நின்றால் நின்றது. உச்சிவெயிலில் அதன் நிழல் ஓர் எறும்பின் அளவுக்கு அவன் பாதத்தின்மேல் கிடந்தது. டீக்கடைக்காரர் அவனுக்கென்று ஒரு முக்காலியை எதிர்ப்புறம் புளியமரத்துக்கு அப்பால் போட்டு, “தப்பா நினைக்காத அப்பு, பாய்லர் கிட்டத்துல இருக்குல்ல” என்றார். பஸ்காரர் அவனைக் கூரைமேல் ஏறிக்கொள்ளச் சொன்னார், டிக்கெட் கேட்கவில்லை. பஸ் போனபோது அம்பும் மேலே பஸ்ஸின் வேகத்தில் போனதை வழியில் நின்றவர்கள் பார்த்துவிட்டுக் குனிந்து விறகு வெட்டினார்கள். கல்யாணங்களில் பந்தலுக்கு வெளியே வெயிலில் அவனுக்கு இலை போட்டார்கள். யாரும் கூப்பிடாமல் உடையணனும் எழுந்து வந்து பக்கத்தில் இன்னொரு இலை போட்டுக்கொண்டான். சிகப்பி அவனை முற்றத்தில் படுக்கவைத்தாள். “உள்ள படுத்தா ஓடு உடைஞ்சிருமே,” என்று சொல்லிவிட்டு, அதைச் சொன்னதற்காக அழுதாள். கொஞ்சகாலம் அண்டாவைக் கவிழ்த்து அவன் தலைமேல் வைத்துப் பார்த்தாள். அண்டாவுக்குள்ளிருந்து, “அடியேய், உள்ள குழம்பு வாசம் அடிக்குது, பசிக்குதுடி” என்று குரல் வந்ததும் எடுத்துவிட்டாள்.

தலைப்பாகையை அவன் கழற்றவே இல்லை. கேமரா வந்தால் அப்படியே நின்று சிரித்துவிட வேண்டும், அப்போதுதான் செத்தது தீரும். கழுத்துக்குக் கீழேதான் குளித்தான். ஒருமுறை அழுக்கு பொறுக்காமல் சிகப்பி அதைக் கட்டுக் கலையாமல் தூக்கி ஆணியில் மாட்டிய மறுகணம், மேலே துணி கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது. அம்பு ஒரு பனை உயரம் இறங்கி நின்றது. அலறிக்கொண்டு எடுத்து அவன் தலையில் வைத்தாள். தலையில்லாத தலைப்பாகையை அம்பு பொறுக்கவில்லை என்று ஊர் புரிந்துகொண்டது. அதற்குப் பிறகு காற்று பலமாக வீசினால் எதிரே வருகிறவர்கள்கூட, “கையால புடிச்சுக்க, கையால புடிச்சுக்க” என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே விலகிப்போனார்கள்.

ஜெசிந்தாவின் எண்ணுக்கு உடையணன் தினமும் அடித்தான். பல நாள் கழித்து எடுத்தாள். அந்தக் கம்பெனியை விட்டு வந்துவிட்டேன் என்றாள், அவளுக்குப் பின்னால் வேறு ஏதோ போர் நடக்கும் சத்தம் கேட்டது. “கண்டினியூட்டியக் கலைக்காதீங்கண்ணே. கேமரா எப்படியும் வரும்.” கேமரா வரவில்லை. உடையணன் டவுனிலிருந்து கல்யாண வீடியோக்காரர் ஒருவரை அழைத்து வந்தான். அவர் எட்ட நின்று, மேலே ஒரு கண்ணும் கேமராவில் ஒரு கண்ணுமாக எடுத்தார். சேவுகன் வாயை அகட்டிப் பல்லைக் காட்டினான்.

“சிரிப்பு வரலையே அண்ணாச்சி,” என்றார் வீடியோக்காரர். “பல்லுதான் வருது.”

“தலைக்கு மேல அதத் தொங்க விட்டுக்கிட்டு நீரு சிரியும் பாப்போம்.”

அம்பு அசையவில்லை.

மூட்டத்துக்கு அவர்கள் இருவரும் போவது மட்டும் நிற்கவில்லை. சேவுகனைச் சுற்றி ஒரு வண்டிப்பாதை அகலத்துக்கு ஊர் விட்டுவைத்திருந்த வெற்றிடத்துக்குள் உடையணன் ஒருவன்தான் நுழைந்தான்.

“நீ ஏம்பா கிட்ட உக்கார்ற? வந்தா உன் மேலயும்ல விழும்.”

“விட்டவன் நான். எங்க விழும்னு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுதான் வானத்துக்கு விட்டியா?”

உடையணன் பீடியை நீட்டினான். “உன்னைப் பாத்து விட்டிருந்தா அன்னைக்கே ரப்பர் பட்டு, எந்திரிச்சுச் சிரிச்சிருப்ப. அதான் பங்காளி என்னைத் தின்னுது.”

படம் வெளியானபோது இரண்டு ஊரும் டிராக்டர்களில் டவுனுக்குப் போயின. சேவுகனையும் கூட்டிப்போனார்கள், அவன் இல்லாமல் எப்படி. தியேட்டர்காரர் மட்டும் மேலே பார்த்துவிட்டு, அவனைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு வரிசை காலியாக விட்டார். உடையணன் அந்தக் காலி வரிசைகளைத் தாண்டிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். திரையில் புழுதி எழுந்தது, படைகள் மோதின, ஊர்க்காரர்கள் தங்களைத் தேடிப்பிடித்து விசிலடித்தார்கள், பாதிப்பேர் தவறான ஆளுக்கு விசிலடித்தார்கள். உடையணனே சிவப்புத் தலைப்பாகையில் ஓடியவனைப் பார்த்து, “அந்தா நீ” என்று சேவுகனின் தொடையைத் தட்டினான். “அது நானில்லப்பா, எங்க ஊரு டெய்லரு,” என்றான் சேவுகன். பிறகு வில் வளைந்தது, உடையணனின் முகம் திரையை நிறைத்தது, வானத்துக்குப் போகாத ஓர் அம்பு, கம்ப்யூட்டரில் வரைந்த கூர்முனை அம்பு, நேராகப் போய்ச் சேவுகனின் மார்பில் இறங்கியது. விசில் நின்றது. சாத்தனேந்தல் பெண்களில் யாரோ ஒருத்தி விசும்பினாள். திரையில் செத்தவன் எழுந்து சிரிக்கவில்லை. அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்கள்.

வெளியே வந்தபோது அம்பு வெகுவாக இறங்கியிருந்தது. இறகுகளை எண்ணலாம் போலிருந்தது. ரப்பர் முனை எங்கும் தென்படவில்லை. இரும்பு வெயிலில் மின்னியது.

அதற்குப் பிறகு ஊரின் பேச்சு மாறியது. யாரும் தீர்மானித்து மாற்றவில்லை. “சேவுகன் நல்ல மனுசனாத்தான் இருந்தான்,” என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார், முக்காலியில் உட்கார்ந்து சேவுகன் டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே. “மூட்டம் போடுறதுல அவனை அடிச்சுக்க ஆளு இல்லாம இருந்துச்சு,” என்றார் இன்னொருவர். அம்மன் கோயிலில் மஞ்சள் குங்குமம் கொடுக்கும்போது சிகப்பியின் முறை வந்த இடத்தில் தட்டை ஏந்தியவளின் கை தயங்கி நின்றது, பிறகு அடுத்தவளிடம் போய், மறந்துபோனவளைப்போலத் திரும்பி வந்தது. அன்று இரவு சிகப்பி முற்றத்துக் கட்டிலுக்குக் கீழே தானும் பாயைப் போட்டுக்கொண்டாள்.

ஊர்கள் தலைப்பாகைகளைக் கம்பெனிக்குத் திருப்பித் தரவில்லை. படம் வந்த பிறகு சாத்தனேந்தலில் வயதானவர்கள்கூடச் சிவப்பைக் கட்டத் தொடங்கினார்கள்; நரியனேந்தலில் பச்சை. படத்தில் துரோகம் செய்தது பச்சைதான் என்று சாத்தனேந்தல் சொன்னது. கதை எழுதியவன் எழுதினான், எங்களைக் கேட்டா எழுதினான் என்று நரியனேந்தல் சொன்னது. ஒரே டீக்கடையில் இரண்டு பெஞ்சு ஆயிற்று.

பிறகு, பல வருஷங்களாக இல்லாத மழை பெய்தது. அட்டைக் கோட்டை கரைந்து, அதன்மேல் தண்ணீர் ஏறியது. ஆனால் கண்மாய் பாதிதான் நிரம்பியது. நடவு முடிந்து, பயிர் தூர்விட்டு, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில், மிச்சத் தண்ணீர் ஒரு மடைக்குத்தான் காணும் என்று தெரிந்தது. வழக்கப்படி அந்த முறை தென்மடைக்கு. அதாவது நரியனேந்தலுக்கு. உடையணனின் ஒன்றரை ஏக்கரும் தென்மடைப் பாய்ச்சலில்தான் இருந்தது.

சாத்தனேந்தல் ஊர்த்தலைவர், அம்பலம் வீரணன், ஆளனுப்பிச் சேவுகனைக் கூப்பிட்டார். வாசலுக்கு வெளியே நிற்கவைத்து, தான் உள்ளே தாழ்வாரத்தில் இருந்துகொண்டு பேசினார்.

“ஒண்ணும் செய்ய வேணாம்ப்பா. தென்மடைக் கல்லுல போய் உக்காந்துக்க. அவ்வளவுதான்.”

“உக்காந்து?”

“உன் கிட்ட எவன் வருவான்?”

“தண்ணி அவுக முறைங்கய்யா.”

“நம்ம ஊர்ல பொறந்தவன்தானே நீ? போற உயிரு. ஊருக்குப் பிரயோசனமாப் போகட்டும். சிகப்பிய ஊரு பாத்துக்கும்.”

சேவுகன் போய் உட்கார்ந்தான். சிகப்பி கஞ்சியைக் கொண்டுபோய் எட்ட வைத்துவிட்டு வந்தாள், ஊர் அவளைக் கிட்டப்போக விடவில்லை. மடையைத் திறந்து மூடும் ஷட்டரின் இரும்புச் சக்கரம் அவனுக்கு அந்தண்டை, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அம்பு இப்போது ஒரு தென்னை உயரத்தில் நின்றது. நரியனேந்தல்காரர்கள் கரைமேல் வந்து, பார்த்து, திரும்பிப் போனார்கள். சக்கரத்தைத் தொட யாரும் துணியவில்லை. வாய்க்கால் வெடித்தது. பயிரின் நுனி சுருண்டது. இதைவிட நல்ல காவல் எந்த அரசனுக்கும் வாய்த்ததில்லை என்று சாத்தனேந்தலில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

நரியனேந்தல் அம்பலம் சோலையப்பன் உடையணனின் வீட்டுக்கே வந்தார். பரணில் கிடந்த வில்லை இறக்கச் சொன்னார். அதைக் கம்பெனி எடுத்துப்போகவில்லை.

“நீ விட்டது இன்னும் முடியல. அதான் நிக்குது,” என்றார். “நாணை ஒருதடவ இழுத்து விடு. அது வேலைய அது பாத்துக்கும்.”

உடையணன் வில்லைத் துடைத்தான்.

“அவன் உனக்குச் சிநேகிதன்தான், யாரு இல்லங்கிறா? ஆனா ஊர் சொல்லுதுல்ல.”

உடையணன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவன் முகத்தில் என்ன தெரிந்ததோ, சோலையப்பன் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். “நாளைக்கு உச்சிக்கு. எல்லாரும் கரைக்கு வந்துர்றோம்.”

மறுநாள் உச்சிவேளைக்குக் கண்மாய்க்கரையின் வடபக்கம் சிவப்பாகவும் தென்பக்கம் பச்சையாகவும் இருந்தது. படத்தில் வைத்திருந்த மரவாளைச் சிலர் எடுத்து வந்திருந்தார்கள், சிலர் உண்மையான அரிவாள் எடுத்து வந்திருந்தார்கள். பெண்களும் வந்தார்கள். சிகப்பி கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றாள், அவளைப் பின்னால் இழுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. வெயில் தண்ணீரில் பட்டு முகங்களில் ஆடியது. உடையணன் தலையில் ஒன்றும் கட்டாமல், வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு, பச்சைக் கூட்டத்திலிருந்து பிரிந்து மடைக்கு இறங்கினான்.

“எட்ட நின்னு இழுடா,” என்று சோலையப்பன் கத்தினார்.

“துரோகி, துரோகி,” என்று சிவப்புப் பக்கத்திலிருந்து குரல் எழுந்தது. படத்தில் கோட்டை அரசன் சாகும்போது சொல்லும் சொல் அது. எல்லோருக்கும் மனப்பாடமாகியிருந்தது.

உடையணன் எட்ட நிற்கவில்லை. வெற்றிடத்துக்குள் நடந்து போய்ச் சேவுகனின் பக்கத்தில் மடைக்கல்லில் உட்கார்ந்தான். வில்லைக் கால்மாட்டில் வைத்தான். அப்போது மேலே துணி கிழிவதுபோன்ற அந்தச் சத்தம் கேட்டது, அம்பு ஒரு முழம் இறங்கியது; கரையில் நின்ற அத்தனை பேரும், சிவப்பும் பச்சையும், அண்ணாந்து கையைப் புருவத்துக்கு மேல் வைத்து அதைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை.

“வந்துட்டியா,” என்றான் சேவுகன். அவன் உதடு வெடித்திருந்தது. “இழுத்து விட்டுருப்பா. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. உன் பயிரு காயுது, காலையில இருந்து அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“எந்த ராசாடா நீ, தலையில இப்பிடிக் கட்டு நெகிழ்ந்து கெடக்க?”

“எத்தன மாசமாச்சு. துணியா அது, தோலாப் போச்சு.”

“கொண்டா. கட்டித் தாரேன்.”

“ஏய், எடுக்காத, அது...”

உடையணன் அதைத் தூக்கிவிட்டான், சேவுகனின் வாக்கியம் முடிவதற்குள். தூக்கியதும் தன் தலையில் வைத்துக்கொண்டான், அந்த நாட்களில் ஒவ்வொரு காலையும் செய்ததுபோலவே, சுற்றை இளக்கி, திரும்ப இழுத்து, நெற்றிமேல் படியவைத்தான். மேலே சத்தம் எதுவும் கேட்கவில்லை. சேவுகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தான், பிறகு விட்டான். மாதக்கணக்கில் வெயில் படாத அவன் நெற்றி, குழந்தையின் நெற்றிபோல வெளுத்துக் கிடந்தது.

“சரியாக் கட்ட நேரமாகும்,” என்றான் உடையணன். “அதுக்குள்ள போய் அந்தச் சக்கரத்த ஒரு திருகு திருகிட்டு, அப்படியே கரையேறிச் சிகப்பிக்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வா. நாக்கு ஒட்டிப்போயிருக்கு உனக்கு.”

“ஊரு வையுமேப்பா.”

“ஊரு மேல பாத்துக்கிட்டு இருக்கு. போ.”

சேவுகன் எழுந்தான். சக்கரத்தைத் திருகினான், துரு முனகியது, ஷட்டருக்குக் கீழே தண்ணீர் முதலில் கறுப்பாகவும் பிறகு வெளுப்பாகவும் பீறிட்டுத் தென்வாய்க்காலில் விழுந்து ஓடியது. அவன் கரைமேல் ஏறினான். கண்மாய்க் காற்று வந்து அவன் வெறுந்தலையில், வியர்வையில் ஒட்டிய மயிரில் பட்டது. “ஆத்தாடி, என்னா காத்து,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சிரித்தான், பல் தெரியாமல், கண் சுருங்க. கூட்டத்தில் அவனுக்கு வழிவிட யாரும் விலகவில்லை. தோளில் இடித்து இடித்துக்கொண்டு, அண்ணாந்த முகங்களுக்கு நடுவே சிகப்பியைத் தேடிப்போனான்.

கீழே மடைக்கல்லில், முன்பு சேவுகனின் பாதத்தில் எறும்பின் அளவாகக் கிடந்த நிழல், இப்போது ஒரு விரல் நீளத்துக்கு, உடையணனின் பாதத்தின்மேல் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். சிவப்புத் துணியின் தொங்கிய முனையை எடுத்து, மடித்து, காதுக்குப் பின்னால் இறுகச் செருகிக்கொண்டான்.